பதினேழாம் முகம்

சேர்மக்கனிக்குக் கன்னம் வலித்தது. பல்வலி அல்ல. காது மடலுக்குக் கீழே தொடங்கி வாயோரம் வரைக்கும் சதை கட்டிக்கொண்டு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து நாலு பேருக்குச் சிரித்தாயிற்று. இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். வெந்நீர்ப் பையைக் கன்னம் மாற்றிக் கன்னம் வைத்தபடி, ஆஸ்பத்திரியின் முகநரம்புப் பிரிவுக்குப் பின்னால் உட்கார்ந்து டீயை உறிஞ்சினாள்.

இருபத்தோரு வருஷம் உப்பளத்தில் கிடந்தவள் அவள். அங்கே இடுப்பு விட்டுப்போகும். வெடித்த பாதத்தில் உப்புத்தண்ணீர் ஏறி எரியும். வலி என்றால் அதுதான் என்று நினைத்திருந்தாள். சிரிப்பதும் உப்பு வாரும் பலகையை இழுப்பது மாதிரிதான், நாளைக்கு நாலு மணி நேரம் செய்தால் சதை செத்துப்போகும் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

வேலைக்குப் பெயர் முகப்பணியாளர். அந்த மாவட்டத்தில் அந்த வேலை பார்க்க அவள் ஒருத்திதான்.

முகத்தை ஆட்டிவைக்கிற நரம்பு காதுக்குப் பின்னால் ஒற்றை வடமாகப் புறப்பட்டு, கன்னத்துக்கு வந்ததும் விரல் விரலாகப் பிரிகிறது. உள்ளே ஆயிரக்கணக்கான இழைகள். கட்டியாலோ வெட்டுக்காயத்தாலோ அது அறுந்தால், மருத்துவர்கள் இடையில் ஒரு துண்டு நரம்பை வைத்துத் தைப்பார்கள். இழைகள் மறுபடி வளரும், நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். பாராட்ட வேண்டிய உழைப்புதான். ஆனால் வழி தெரியாத உழைப்பு. உதட்டுக்குப் போகவேண்டிய இழை கண்ணிமையில் போய் நிற்கும். அப்புறம் ஆள் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும், சோறு மென்றால் கண்ணீர் கொட்டும்.

நரம்புத்தறி என்ற கருவி வந்து அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது. நோயாளியின் கன்னத்தில் கொசுவலை போல மெல்லிய வலையை ஒட்டுவார்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்து சிரிப்பார். எதிராளி கொட்டாவி விட்டால் நமக்கும் வருகிறதே, அந்தச் சங்கதிதான். நோயாளியின் மூளை அவனுக்கே தெரியாமல் 'சிரி' என்று தன் முகத்துக்கு ஒரு கட்டளை அனுப்பும். எந்த இழையில் அந்தக் கட்டளை வருகிறதோ அதைத் தறி பிடித்து, மெல்லிய மின்னோட்டத்தால் உதட்டுப் பக்கம் இழுத்துப்போகும். மொத்தம் இருபத்திரண்டு முகங்கள், கட்டளை வந்தால் எரிய விளக்குப்பலகையில் முகத்துக்கு ஒரு விளக்கு. சிரிப்பு, அழுகை, ஆச்சரியம், அருவருப்பு என்று வரிசை உண்டு. நூற்றிருபது நாளில் செத்த முகம் உயிர்த்துவிடும்.

முதலில் படம் போட்டுக் காட்டிப் பார்த்தார்கள். பொம்மை முகம் செய்து வைத்தார்கள். மூன்றாம் நாளே மூளை கண்டுபிடித்துவிட்டது, இது நம்மைப் பார்க்கவில்லை என்று. தன்னைப் பார்க்கிற முகத்துக்குத்தான் அது மறுமொழி சொல்லும். நாடக நடிகர்களைக் கூட்டிவந்தார்கள். ஒருவர் முக்கி முக்கிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, கீழே தரை துடைத்துக்கொண்டிருந்த சேர்மக்கனி நிமிர்ந்து, "அண்ணாச்சிக்கு வயித்துல எதுவும் கோளாறா?" என்று கேட்டுவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்தாள். பத்து நாளாக இருட்டிக் கிடந்த விளக்குப்பலகையில் சிரிப்பு விளக்கு குப்பென்று எரிந்தது. அந்தப் பிரிவை நடத்திய நவமணி டாக்டர் அன்றைக்கே அவளிடமிருந்து துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

இதுவரை இருநூற்றுப் பதினோரு பேர். ஒருவர்கூடத் தவறவில்லை. மதிய வெயிலில் உப்பு கண்ணாடி மாதிரி அடிக்கும். அதற்குக் கண்ணை இடுக்கி இடுக்கியே பழகிய முகம் அவளுடையது, சிரித்தாலும் கண் இடுங்கும். அவளிடம் முகம் வாங்கிய அத்தனை பேருக்கும் உயிர்த்த பக்கத்துக் கண் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இடுங்கியது. உப்பளத்தையே பார்த்திராத கல்யாணப் பெண், வக்கீல், ஓட்டுநரில்லாப் பேருந்தில் டிக்கெட் பார்க்கிறவர், எல்லோரும் உப்பு வாருகிறவளாகச் சிரித்தார்கள். பேருந்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்துவிட்டால் சேர்மக்கனிக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருக்கும்.

குறை சொல்லி வந்தவர் ஒரே ஒருவர்தான், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். "எல்லாம் நல்லாருக்கு டாக்டர். அதட்டுனா மட்டும் ஒரு பயலும் பயப்பட மாட்டேங்கான்." சதைக்கு வலு பத்தவில்லை என்று நவமணி டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

டீயைக் குடித்து முடிக்கும்போது டாக்டர் கதவோரம் நின்றார். "அக்கா, புது ஆளு வந்திருக்காரு. காதுக்குக் கீழ கட்டி. எடுக்கும்போது நரம்பும் சேர்ந்து போயிட்டு. இடப்பக்கம் முழுசும் இல்ல."

உள்ளே போனாள். நாற்காலியில் இருந்தவர் துண்டால் வாயை மறைத்திருந்தார். துண்டை இறக்கினார். இடது புருவம் கண்மேல் சரிந்து, வாயோரம் எச்சில் வடிந்தது. வலது பாதி மட்டும் பழைய முகம்.

அந்தப் பாதி போதுமாயிருந்தது. தவசிமுத்து. உப்பளத்துக் கங்காணி.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாத மத்தியானம். சேர்மக்கனி ஐந்து மாதக் கர்ப்பிணி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கொட்டகை நிழலில் செத்த நேரம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டு அந்த நிழலிலேயே உட்கார்ந்திருந்த தவசிமுத்து வாயைத் திறக்கவில்லை. இடது புருவத்தை ஒரு நூல் உயர்த்தி, இடது வாயோரத்தை ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் அவரிடம் பேசமாட்டார்கள். அவள் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். பொழுது சாயும்போது பிள்ளை போய்விட்டது. பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. லாரிக்குப் போன புருஷனும் திரும்பவில்லை.

இப்போது அந்தப் புருவமும் அந்த வாயோரமும்தான் செத்துக் கிடந்தன. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி," என்றாள். எதிரே உட்கார்ந்து சிரித்தாள்.

பத்து நாள் போயிற்று. அருவருப்பு விளக்கு எரிந்தது. பயம் மினுங்கியது. சிரிப்பு விளக்கு இருட்டாகவே கிடந்தது.

"என்னக்கா, ஒங்க கைராசிக்கு இப்படி ஆனதே இல்லியே," என்றார் டாக்டர். "மொத மாசத்துல சிரிப்பு இழை தெசை திரும்பலன்னா பிறகு திருப்பவே முடியாது. வேற வழியில போயிரும்."

"பாக்கேன் டாக்டரம்மா."

வீட்டில் அவளும் அண்ணன் மனைவி முத்துப்பேச்சியும்தான். முத்துப்பேச்சி இன்னும் அதே உப்பளத்துக்குத்தான் போகிறாள். பெரிய அளங்களில் இயந்திரம் வாருகிறது. சின்னப் பாத்தியில் அதன் சக்கரம் புதைந்துபோகும், அதற்கு ஆள்தான் வேண்டும். சாயங்காலம் அவள் வாசலில் காலைக் கழுவும்போது சேர்மக்கனி மெல்லச் சொன்னாள்.

"மைனி, இப்பம் யாருக்கு முகம் குடுக்கேன் தெரியுமா? தவசிமுத்துக்கு."

செம்பு பாதியில் நின்றது. "நம்ம கங்காணிக்கா? ஆளக் காணலையேன்னு பாத்தேன். மூஞ்சி கோணிட்டோ?"

"இடப்பக்கம் தொங்கிட்டு."

"தொங்கட்டும் சவம்! ஏட்டி, நீ கோட்டித்தனம் பண்ணாத. செவரப் பாக்குற மாதிரி அவனப் பாத்துட்டு வா. அவன் மூஞ்சி சரியாச்சுன்னா எங்க மேலதான் வந்து விடிவான். இப்பம் வந்திருக்க பயலாவது ஒண்ணுக்குப் போவ விடுதான்."

"எரநூத்திப் பதினோரு பேரு மைனி. ஒண்ணுகூடத் தப்பல."

"அதுக்கு?"

"இது தப்புனா என் வேல தப்புன்னு ஆயிரும்."

"வேலையாம் பெரிய வேல! ஒன் வவுத்துல இருந்தத வாரிக் குடுத்ததும் வேலைன்னுதான்."

சேர்மக்கனி எழுந்து உள்ளே போனாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உள்ளுக்குள் விளங்கித்தான் இருந்தது. பத்து நாளும் உதடு சிரித்தது. கண் அவரைப் பிடித்து உப்புத்தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தது. மனிதனுடைய மூளைக்கு உதட்டைவிடக் கண்ணைப் படிக்கத் தெரியும். பொய்க்கு இழை வராது.

பதினோராம் நாள் அவள் சிரிக்கவில்லை. வலையை ஒட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தவள், இருபத்திரண்டு வருஷமாக இறுக்கிப் பிடித்திருந்ததை விட்டுவிட்டாள். புருவம் நடுவில் கூடியது, வாயோரம் இறங்கியது, மோவாய் நடுங்கியது. சத்தம் இல்லை. ஒரு வார்த்தை இல்லை. அவரை மட்டும் பார்த்தாள்.

விளக்குப்பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரிந்தன. அப்படி அது எரிந்து டாக்டர் பார்த்ததே இல்லை. தவசிமுத்து நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். தன் முகத்துக்குள் என்னமோ புகுந்து பிசைவது அவருக்குத் தெரிந்தது. துக்கம் என்று தெரிந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

"நீ... யாரு?" என்றார். குழறலாக வந்தது.

"மேல பாத்தி சேர்மக்கனி. சித்திர மாசம் நெழலு கேட்டவ. அஞ்சு மாசம்."

அவர் அவளையே பார்த்தார். கண்ணாடி போடாத கண். என்னமோ சொல்ல வாயெடுத்தார். உதடு சேரவில்லை. இடப்பக்கம் திறந்தே கிடந்தது, காற்றும் எச்சிலும்தான் வந்தன. நரம்பு போனவர்களுக்கு 'ம'வும் வராது 'ப'வும் வராது. அதை அவளைவிட அறிந்தவர் யார்? துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

"இப்பம் வேண்டாம் அண்ணாச்சி. மொதல்ல உதடு சேரட்டும்."

நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டபின் அவள் கண் லேசானது. பதினான்காம் நாள், மெழுகுவத்தியை ஊதி அணைக்கிற பயிற்சி. தவசிமுத்து மூச்சை இழுத்து ஊதினார். மெழுகுவத்தி அசையவில்லை. பல்செட்டு கழன்று பறந்துபோய்ச் சேர்மக்கனி மடியில் விழுந்தது.

அவள் மடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ஆத்தாடி! பல்லு தானம் வேற குடுக்கியளா?" என்று கண் இடுங்கச் சிரித்தாள்.

சிரிப்பு விளக்கு எரிந்தது.

அதன்பிறகு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் தவறாமல் இழை வளர்ந்தது. நாற்பதாம் நாள் கண்ணிமை மூடியது. அறுபதாம் நாள் வாயோரம் துடித்தது. காசு வாங்காமல் ஒரு வேலையை இவ்வளவு ஒழுங்காக உலகத்தில் நரம்பு மட்டும்தான் செய்யும் என்று நவமணி டாக்டர் அடிக்கடி சொல்வார். சேர்மக்கனிக்கும் அது ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் இருந்தது. வெறும் தோலாகத் தொங்கிக் கிடந்த இடத்தில் ஒரு நாள் காலையில் மனுஷன் வந்து நிற்பான். யார் முகம் என்றாலும் அந்த நாள் நல்ல நாள்தான்.

பதினேழாவது முகம் அதட்டல். டாக்டர் அட்டையைக் காட்டினார். சேர்மக்கனி புருவத்தைத் தூக்கினாள், மூக்கை விடைத்தாள்.

"அக்கா, அதட்டச் சொன்னா கெஞ்சுதியளே."

"கெஞ்சலையே. இதான் எனக்கு வருது."

"எப்பவுமே இப்பிடித்தான் பண்ணுதிய," என்று சிரித்துவிட்டு டாக்டர் குறி போட்டார். "சரி, சதை அசையுதுல்லா, போதும்." இருநூற்றுப் பதினோரு தடவையும் அப்படித்தான் குறி போட்டிருந்தார்.

நூற்றிருபதாம் நாள் கடைசிச் சோதனை. உதடு சேர்கிற சொற்களைப் படிக்கவேண்டும். "பம்பரம். மாம்பழம். அம்மா. அப்பம்." தவசிமுத்து கணீரென்று படித்தார். 'ம' ஒவ்வொன்றும் பித்தளை மாதிரி ஒலித்தது. நர்ஸ் பிள்ளைகள் கைதட்டினார்கள். சேர்மக்கனி வெந்நீர்ப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். இடது கண் இடுங்க, அவளுடைய சிரிப்பை அவளைப் பார்த்தே சிரித்தார். "போயிட்டு வாறேன்," என்றார். போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் முத்துப்பேச்சி பாதி வழியிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி சேர்மம், என்னத்தட்டி பண்ணி அனுப்புன?"

"என்ன மைனி?"

"வந்த அன்னைக்கே அந்தக் கடக்குட்டி மாரிக்கிளி தலைய சுத்துதுன்னு நெழலு கேட்டா. வாயி 'ஏட்டி, போயி வேலையப் பாரு'ன்னுது. மூஞ்சில வலப்பக்கம் அதட்டுது. எடப்பக்கம் 'உக்காரு தாயி'ங்குது! அவ ஒரு செகண்டு பாத்தா, எடப்பக்கம் சொன்னத நம்பி உக்காந்துட்டா. மறுநா எட்டு பேரு. இப்பம் பன்னெண்டு மணி ஆச்சுன்னா நாங்க பூராவும் கொட்டாயிலதான். அவன் நின்னு கத்துதான். கத்தக் கத்த அந்தப் பாதி கெஞ்சுது. எங்களுக்குச் சிரிப்பு. மொதலாளி வந்தாரு, 'என்னவே தவசி, அழுவுதீரா அதட்டுதீரா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

சேர்மக்கனி சிரிக்கவில்லை. "எடப்பக்கமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை தவசிமுத்து வந்து நின்றார். முதலாளி ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தார். டாக்டர் வலையை ஒட்டி ஒவ்வொரு முகமாகச் சோதித்தார். இருபத்தொன்று பழுதில்லை. பதினேழாவதில், சதையெல்லாம் வலுவாகத்தான் இருந்தது, அசைவுதான் வேறு. இன்ஸ்பெக்டருக்குச் சத்து மாத்திரை எழுதியது நினைவுக்கு வந்தது. பழைய பதிவுகளைத் திரையில் ஓடவிட்டார். வட்டாட்சியர், தலைமை ஆசிரியை, பண்ணை முதலாளி, இன்ஸ்பெக்டர். உயிர்த்த பக்கம் ஒன்றில்கூட அதட்டல் இல்லை.

"அக்கா," என்றார் டாக்டர், குரல் இறங்கி. "இந்தப் பதினேழாவத நீங்க யாருக்குமே குடுக்கலையா?"

"என்கிட்ட இருந்தாத்தான குடுக்க முடியும் டாக்டரம்மா? பொறந்ததுலேருந்து என்னைய நாலு பேரு அதட்டியிருக்காவ. நான் யாரப் போயி அதட்டுனேன்?"

ஆயிரம் இழையைத் தரம் பிரிக்கிற தறி. அதற்கு முன்னால் உட்கார்த்தி வைக்க, ஊரிலேயே பொய் கலக்காத முகத்தைத் தேடிப் பிடித்திருந்தார்கள். அந்த முகம் வாழ்க்கையில் எந்த இடத்தில் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் திரையை அணைத்தார். பிறகு தவசிமுத்துவிடம் சொன்னார். "அந்த இழைகள மறுபடி அறுக்கணும். அறுத்து, வேற ஆள வெச்சு வளக்கணும். ஆறு மாசம் ஆகும். அதட்டத் தெரிஞ்ச ஆளுக்கு இங்க பஞ்சமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க." மேலிடத்துக்குத் தகவல் சொல்ல அவர் வெளியே போனார். இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய விவகாரம், சின்னதில்லை.

அறையில் இருவர் மட்டும். தவசிமுத்து எழுந்து அவள் எதிரே வந்து நின்றார். அவருடைய இடது முகம் மெதுவாக மாறியது. புருவம் நடுவில் கூடியது, வாயோரம் இறங்கியது, மோவாய் ஒரு பக்கம் மட்டும் நடுங்கியது. பதினோராம் நாள் அவள் கொடுத்த முகம். இம்மி பிசகவில்லை. வேறு யார் பார்த்திருந்தாலும் மனசு இளகி, போகட்டும் விடுங்க என்று சொல்லியிருப்பார்கள். அந்த முகத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டதை அவர் கவனித்தார். போதுமா என்பது மாதிரி நின்றார்.

சேர்மக்கனி வலது பக்கத்தைப் பார்த்தாள். அறுபது வருஷம் அவர் சொந்தமாகச் சுமந்த பாதி அது. அதில் ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் நான் குடுத்தது," என்றாள். "என்னோடத எனக்கே திருப்பிக் காட்டாதிய."

அவர் தலையைக் குனிந்தார்.

"உதடு நல்லாச் சேருதுல்லா?"

"சேருது."

"பம்பரம் சொன்னிய. மாம்பழம் சொன்னிய."

அவர் வாயைத் திறந்தார். உதடு இரண்டும் அழகாகச் சேர்ந்தன, 'ம'வுக்குச் சேர்கிற மாதிரியே. அவள் வேலை அது, ஒரு பழுதில்லை. சேர்ந்தபடியே நின்றன. வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். தவசிமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து போனார்.

முகத்தை அறுக்க அவர் திரும்பி வரவில்லை. உப்பளத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை நிழல் நிலைத்துவிட்டது. முதலாளி வேறு கங்காணியைப் போட்டுப் பார்த்தார், உட்காரப் பழகியவர்கள் எழுந்திருக்கவில்லை. மாவட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கண் இடுங்கச் சிரித்துக்கொண்டு, அதட்டத் தெரியாமல், பாதிப் பேர் மனசு இளகி மாறிப்போயும் பாதிப் பேர் முனகிக்கொண்டும் இருக்கிறார்கள். சேர்மக்கனி நாளைக்கு ஆறு பேருக்குச் சிரிக்கிறாள். கன்னம் வலிக்கிறது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்க்கிறாள்.

தவசிமுத்து அவளுக்குத் தரவேண்டியது ஒரு வார்த்தை. மன்னிச்சிரு. அது இன்னும் பாக்கி.